மூலமும் ஊகமும்: படச்சுருளில் பதிவான தொலைக்காட்சித் தொடர்களின் உயர்தெளிவு மாற்றம் – ஒரு பதிப்பியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

படச்சுருளில் எடுக்கப்பட்ட பழைய தொலைக்காட்சித் தொடர்கள் கடந்த இருபது ஆண்டுகளாக எச்.டி. எனப்படும் உயர்தெளிவு வடிவத்திற்கு மாற்றப்பட்டு வருகின்றன. இம்மாற்றம் பெரும்பாலும் தொழில்நுட்ப முன்னேற்றமாக மட்டுமே பேசப்படுகிறது. ஒரு நிகழ்ச்சியின் மூலம் எந்த ஊடகத்தில் எஞ்சியிருக்கிறது என்பதே அம்மாற்றத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை அயல்நாட்டு, இந்திய எடுத்துக்காட்டுகள் வழி நிறுவ முயல்கிறது. உயர்தெளிவு வடிவத்தைச் சுவடியிலிருந்து அச்சேறும் நூலுக்கு ஒப்பான ஒரு பதிப்பாகக் கொள்ள வேண்டும் என்றும், பெரும்பகுதி ஒளிநாடாவில் பதிவான தமிழ்த் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை உருப்பெருக்கத்தினும் மூலப் பாதுகாப்பே முதற்பணி என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: படச்சுருள், ஒளிநாடா, உயர்தெளிவு, தூர்தர்ஷன், பதிப்பியல், ஆவணக்காப்பு, கல்லங்குறிச்சி

1. முன்னுரை

தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலும் பல வீடுகளில் அந்தப் 14 அங்குலப் பெட்டிகளே முதல் வண்ணத் தொலைக்காட்சியாக அமைந்தன. இன்று அதே வீடுகளின் சுவர்களில் அகன்ற தட்டைத் திரைகள் தொங்குகின்றன. பழைய தமிழ்த் தொடர்களை இணையத்தின் வழி இத்திரைகளில் காணும்போது முகங்கள் கலங்கலாகவும் எழுத்துகள் சிதைந்தும் தோன்றுகின்றன. அதே திரையில் 1980களின் அமெரிக்கத் தொடர் ஒன்றைக் கண்டால் அது நேற்று எடுக்கப்பட்டதுபோல் இருக்கிறது. 1987இல் எடுக்கப்பட்ட தொடர் தெளிவாகவும், 1999இல் எடுக்கப்பட்ட தொடர் மங்கலாகவும் தோன்றுவது ஏன்?

அவர்களிடம் சிறந்த கருவிகள் இருந்தன. நம்மிடம் இல்லை என்பது இக்கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை. இவ்விடை முழுமையானதன்று. இரண்டும் ஒளிபரப்பான காலத்தில் பார்வையாளர் கண்ட தெளிவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று படச்சுருளில் பதிவாகி ஒளிபரப்புக்கென நாடாவுக்கு மாற்றப்பட்டது. மற்றொன்று நாடாவிலேயே பிறந்தது. ஒளிபரப்பான நாளில் புலப்படாத அவ்வேறுபாடு கால் நூற்றாண்டுக்குப் பின் புலப்படுகிறது. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும் அதனால் தமிழ்த் தொலைக்காட்சி மரபுக்கு நேரும் விளைவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரு ஊடகங்களின் இயல்பு

படச்சுருளில் படம் வேதிமுறையில் பதிகிறது. வெள்ளி உப்புத் துகள்கள் ஒளிபட்ட அளவுக்கேற்ப மாறி உருவம் தருகின்றன. அதில் கோடுகளும் இல்லை, புள்ளிகளும் இல்லை. அதன் நுணுக்கத்துக்கு எல்லையாக நிற்பவை துகளின் பருமனும், படக்கருவியின் ஆடியும், சட்டகத்தின் பரப்புமே. எனவேதான் 35 மி.மீ. சுருளில் உள்ளதைவிட 16 மி.மீ. சுருளில் துகள் பெரிதாகத் தெரிகிறது. ஒரே வகைத் துகள்கள் மிகச் சிறிய பரப்பிலிருந்து பெருக்கிக் காட்டப்படுகின்றன.

ஒளிநாடாவில் படம் மின்காந்தக் குறிகையாகப் பதிகிறது. இந்தியா பின்பற்றிய பால் முறையில் ஒரு சட்டகத்துக்கு 625 கோடுகள். அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை 576. பதிவாகும் நொடியிலேயே இவ்வெல்லை விதிக்கப்பட்டுவிடுகிறது. காட்சிக்கு முன்நின்ற ஒளி எவ்வளவு செறிவுடையதாக இருந்தாலும் 576 கோடுகளுக்கு மேல் நாடா எதையும் வாங்கிக்கொள்ளாது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். பால் முறைச் சட்டகத்தை எண்ணிமப்படுத்தினால் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள் கிடைக்கும். உயர்தெளிவுத் திரையில் 4:3 விகிதப் படம் 1440 × 1080, அதாவது 15,55,200 புள்ளிகளை நிரப்ப வேண்டும். நாடாவிலிருந்து உயர்தெளிவுக்குச் செல்லும் படத்தில் நூறு புள்ளிகளுக்கு ஏறத்தாழ 73 புள்ளிகள் மூலத்தில் இல்லாதவை. அவற்றை மென்பொருள் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு ஊகிக்கிறது. படச்சுருளை ஸ்கேனரில் இட்டு எடுக்கும்போதோ, அந்த 15 லட்சம் புள்ளிகளும் சுருளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. முன்னையதை உருப்பெருக்கம் என்றும் பின்னையதை மறுவாசிப்பு என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. விற்பனை விளம்பரங்களில் இரண்டும் எச்.டி. என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன.

3. முடிக்கப்பட்ட இடம்: மூன்று நிலைகள்

ஒரு தொடர் படச்சுருளில் எடுக்கப்பட்டது என்பது மட்டும் போதாது. அது எந்த ஊடகத்தில் தொகுத்து முடிக்கப்பட்டது என்பதும் ஆராயப்பட வேண்டும். இவ்வகையில் மூன்று நிலைகளைக் காணலாம்.

முதல் நிலையில் படப்பிடிப்பும் தொகுப்பும் சுருளிலேயே நிகழ்ந்திருக்கும். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான முதல் ஸ்டார் ட்ரெக் தொடர் இவ்வகையினது. அக்காலத்தில் முழு அத்தியாயமும் வெட்டி ஒட்டப்பட்ட நெகட்டிவாகவே நின்றது. 2006இல் அதனைப் புதுப்பித்தபோது அந்த நெகட்டிவையே மீண்டும் படித்தால் போதுமாயிருந்தது. விண்கலக் காட்சிகளுக்குக் கணினி வரைகலையைப் புதிதாகச் சேர்த்தனர். பின்னர் வந்த புளூ-ரே வட்டுகளில் பழைய காட்சி, புதிய காட்சி இரண்டில் எதனையும் பார்வையாளரே தேர்ந்துகொள்ள வழி செய்தனர்.

இரண்டாம் நிலையில் படப்பிடிப்பு சுருளிலும் தொகுப்பு நாடாவிலும் நிகழ்ந்திருக்கும். 1987 முதல் 1994 வரை ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் இதற்குச் சிறந்த சான்று. காட்சிகள் 35 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டன. செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்தும் பொருட்டு அவை நாடாவுக்கு மாற்றப்பட்டு அங்கேயே தொகுக்கப்பட்டன. சிறப்புக் காட்சிகளின் அடுக்குகளும் நாடாவிலேயே இணைக்கப்பட்டன. ஆகவே முடிந்த அத்தியாயம் என்ற ஒன்று படச்சுருளில் ஒருபோதும் இருந்ததில்லை. இருந்தவை பெட்டி பெட்டியாக வெட்டப்படாத நெகட்டிவ் சுருள்கள் மட்டுமே.

உயர்தெளிவு வட்டுகள் 2012 முதல் 2014 வரை வெளிவந்தன. அவற்றுக்காக ஏழு பருவங்களின் நெகட்டிவ் சுருள்களையும் தேடியெடுத்து, பழைய நாடாவை வழிகாட்டியாகக் கொண்டு ஒவ்வொரு வெட்டையும் மீண்டும் பொருத்த வேண்டியிருந்தது. விண்கல மாதிரிகளைப் படமெடுத்த சுருள்களும் எஞ்சியிருந்தமையால் அவற்றை மீண்டும் அடுக்கி இணைக்க முடிந்தது. நாடாவிலேயே உருவாக்கப்பட்ட ஒளிக்கதிர் முதலியவற்றைப் புதிதாகச் செய்தனர். சில நொடிகளுக்கான நெகட்டிவ் கிடைக்காத இடத்தில் நாடாப் படத்தையே பெருக்கி ஒட்டினர். அதே முறையில் நாடாவில் தொகுக்கப்பட்ட அடுத்தடுத்த தொடர்களான டீப் ஸ்பேஸ் நைன், வாயேஜர் ஆகியன இன்றுவரை முழுமையாக மாற்றப்படவில்லை. நெகட்டிவ் இருப்பினும் அதனை மீண்டும் தொகுக்கும் உழைப்பு ஒரு தொடரையே இரண்டாம் முறை ஆக்குவதற்கு நிகரானது.

மூன்றாம் நிலையில் படப்பிடிப்பும் தொகுப்பும் நாடாவிலேயே நிகழ்ந்திருக்கும். இதற்கு மறுவாசிப்பு என்ற வழியே இல்லை. உருப்பெருக்கம் மட்டுமே உண்டு. பிரித்தானிய பிபிசி நிறுவனத்தின் டாக்டர் ஹூ தொடரின் பழைய கதைகள், வெளிப்புறக் காட்சிகளுக்கான சில சுருள் பகுதிகள் நீங்கலாக, இந்நிலையைச் சேர்ந்தவை. அவற்றுள் விதிவிலக்காக நிற்பது 1970இல் ஒளிபரப்பான ஸ்பியர்ஹெட் ஃபிரம் ஸ்பேஸ் என்னும் கதை. படப்பிடிப்பு நிலையத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தால் அதனை முழுவதும் வெளியிடங்களில் 16 மி.மீ. சுருளில் எடுக்க நேர்ந்தது. 2013இல் அக்கதை உண்மையான உயர்தெளிவு வட்டாக வெளிவந்ததற்கு அதுவே காரணம். அன்று இடையூறாகக் கருதப்பட்ட ஒன்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மூலமாக மாறியது. எது எஞ்சும் என்பதை ஆக்கியோரின் திட்டம் எப்போதும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. நெகட்டிவ் முழுமையான மூலமா?

நெகட்டிவ் கிடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது எனக் கருத இயலாது. படப்பிடிப்பில் பதிவானது எல்லாம் பார்வையாளருக்குக் காட்டப்படுவதற்காகப் பதிவானதன்று. 4:3 விகிதத் திரைக்கென எடுக்கப்பட்ட தொடர்களில் சட்டகத்தின் இருபுறமும் ஒளிபரப்பில் தெரியாத பகுதி பதிவாகியிருப்பதுண்டு. அகன்ற திரையை நிரப்பும் ஆசையில் அப்பகுதியைத் திறந்துவிட்டால், விளக்குகளும் பணியாளர்களும் காட்சிக்குள் வந்துவிடுகின்றனர். பஃபி தி வாம்பயர் ஸ்லேயர் தொடரின் உயர்தெளிவு வடிவம் 2014இல் வெளியானபோது இக்குறை வெளிப்படையாகத் தெரிந்தது. பகலில் எடுத்து நாடாவில் வண்ணம் தோய்த்து இரவாக்கிய சில காட்சிகள் அவ்வடிவத்தில் மீண்டும் பகலாயின. நெகட்டிவில் இரவு இல்லை. அது பின்னர் சேர்க்கப்பட்டது. சேர்த்தவரின் கருத்தை அறியாது நெகட்டிவை மட்டும் நம்பினால் கதையே பிறழும்.

எதிர்த்திசையில் நிகழும் குறை, மேலும் கீழும் வெட்டுவது. 4:3 படத்தை 16:9 திரைக்கு நிரப்ப உயரத்தில் கால் பங்கை இழக்க வேண்டும். சைன்ஃபெல்ட் தொடர் 35 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டது. 2021இல் அது நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் அகன்ற வடிவில் வந்தபோது, சாலைப்பள்ளம் ஒன்றைப் பற்றிய அத்தியாயத்தில் அப்பள்ளமே சட்டகத்துக்கு வெளியே போயிற்று. தி சிம்ப்சன்ஸ் தொடர் 2019இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் வெட்டப்பட்ட வடிவில் வந்தது. படத்தின் விளிம்பில் வைக்கப்பட்ட நகைச்சுவைகள் காணாமற்போனதைப் பார்வையாளர் சுட்டிக்காட்டிய பின், 2020இல் பழைய விகிதத்தையும் தேர்ந்துகொள்ளும் வசதி தரப்பட்டது. இவற்றுக்கு மாறாக, தி வயர் தொடரை 2014இல் அகன்ற வடிவுக்கு மாற்றியபோது அதன் படைப்பாளர் டேவிட் சைமன் அப்பணியில் கலந்துகொண்டார். எந்தக் காட்சி மேம்பட்டது, எது இழந்தது என்பதை வெளிப்படையாக எழுதினார். மாற்றத்தைச் செய்தவரே அதன் குறைகளைப் பதிவுசெய்த அரிய நேர்வு இது.

5. சென்னைத் தொலைக்காட்சியின் ஊடக வரலாறு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. நாடளாவிய வண்ண ஒளிபரப்பு 1982இல் வந்தது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய ஒளிநாடாக் கருவிகள் பரவும் முன், தூர்தர்ஷனின் செய்திகளும் வெளிப்புற நிகழ்ச்சிகளும் 16 மி.மீ. சுருளிலேயே எடுக்கப்பட்டன. நிலையத்துக்குள் நடந்த நாடகங்களும் உரையாடல்களும் மின்னணுக் கருவிகளால் நேரடியாகவோ நாடாவிலோ பதிவாயின. ஆகவே சென்னை நிலையத்தின் தொடக்கக் காலம் ஓர் இரட்டை மரபைக் கொண்டது. வயலும் கடற்கரையும் சுருளின் பக்கம் நின்றன. அரங்கும் நாடகமும் நாடாவின் பக்கம் நின்றன.

இவ்விரட்டை மரபை விளங்கிக்கொள்ள வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பான ஒளியும் ஒலியும் நல்ல எடுத்துக்காட்டு. திரைப்படப் பாடல்களை வரிசையாகக் காட்டிய அந்நிகழ்ச்சிக்கு ஊரே காத்திருந்தது. அதன் உள்ளடக்கம் 35 மி.மீ. திரைப்படப் பிரதிகளிலிருந்து வந்தது. டெலிசினி என்னும் கருவி சுருளை மின்குறிகையாக மாற்றி ஒளிபரப்புக்கு அனுப்பியது. அப்பாடல்களின் நெகட்டிவ் எஞ்சியிருக்குமாயின், அன்று வீட்டுப் பெட்டியில் தெரிந்ததைவிடப் பன்மடங்கு தெளிவாக அவற்றை இன்று பெறலாம். அதே வாரத்தில் அதே நிலையத்தில் நடிக்கப்பட்ட தொலைக்காட்சி நாடகத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் நாடா எஞ்சியிருந்தால் 576 கோடுகள் உண்டு. எஞ்சாவிட்டால் எதுவும் இல்லை. விலை மிகுந்த நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்துவது அக்காலத் தொலைக்காட்சி நிலையங்கள் பலவற்றில் உலகெங்கும் நிலவிய வழக்கம் என்பதும் இங்குக் கருதத்தக்கது. தொலைக்காட்சி சினிமாவிடமிருந்து கடன் வாங்கியது நிலைத்திருக்க, தானே படைத்தது நலிந்தது என்னும் முரண் இதனால் விளைந்தது.

படச்சுருளில் எடுக்கப்பட்ட படைப்புகள் தூர்தர்ஷனில் முற்றிலும் இல்லாமலில்லை. பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவிச் சத்யஜித் ராய் 1981இல் இயக்கிய சத்கதி, தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்ட படம். பீஷ்ம சாஹ்னியின் நாவலைத் தழுவிக் கோவிந்த் நிஹலானி இயக்கிய தமஸ் 1988 தொடக்கத்தில் ஒளிபரப்பானது. நாட்டுப் பிரிவினைக் கலவரங்களைக் காட்டிய அத்தொடரைத் தடைசெய்யக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, தொடருக்குச் சாதகமாக முடிந்தது. படச்சுருளில் எடுக்கப்பட்டமையால் அது பின்னர் ஒரே நீள்படமாகவும் திரையிடப்பட்டது. 2013இல் வேறோர் அலைவரிசையில் மீண்டும் ஒளிபரப்பாகி அடுத்த தலைமுறையைச் சென்றடைந்தது. இவ்விரண்டும் திரைப்பட இயக்குநர்கள் திரைப்பட முறையில் செய்த பணிகள் என்பதை நோக்க வேண்டும். அன்றாட ஒளிபரப்புக்கு அம்முறையைக் கையாள எந்த நிலையத்தாலும் இயலவில்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் தமிழ்த் தொடர்களின் எண்ணிக்கை பெருகியது. நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்னும் வேகத்துக்கு நாடாவே ஏற்றதாயிருந்தது. சுருளைக் கழுவவும் மாற்றவும் ஆகும் காலத்தையும் பணத்தையும் அந்த வேகம் தாங்காது. எனவே தமிழ்த் தொலைக்காட்சித் தொடரின் மிகச் செழித்த காலம் ஏறத்தாழ முழுவதும் மேற்கூறிய மூன்றாம் நிலைக்குள் அடங்குகிறது. இது யாருடைய பிழையும் அன்று. ஆக்கமுறையின் பொருளியல் விளைவு. ஆயினும் அதன் பொருள் தெளிவானது. அக்காலத் தொடர்களுக்கு இனி எவரும் கண்டெடுக்கத்தக்க நெகட்டிவ் இல்லை. நாடாவே முதலும் முடிவுமான மூலம்.

6. மீட்புத் தொழிலின் சென்னை முகம்

படச்சுருளை எண்ணிமத்துக்கு மாற்றும் தொழிலில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. எல்.வி. பிரசாத் 1956இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்த பிரசாத் குழுமம், இந்தியப் படங்களோடு அயல்நாட்டுப் படங்களுக்கும் மீட்புப் பணி செய்து வருகிறது. ஒரு மணி நேரத் திரைப்படத்தில் 86,400 சட்டகங்கள் உள்ளன. கீறலும் தூசியும் கறையும் ஒவ்வொரு சட்டகமாக நீக்கப்படுகின்றன. மென்பொருள் பெரும்பகுதியைச் செய்தாலும், நீக்கப்பட்டது அழுக்கா அன்றிப் படத்தின் பகுதியா என்பதை மனிதக் கண்ணே உறுதி செய்ய வேண்டியுள்ளது.

ஜி. அரவிந்தன் இயக்கிய மலையாளப் படமான தம்பு (1978) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் மூல நெகட்டிவ் எஞ்சவில்லை. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் இருந்த 35 மி.மீ. பிரதியிலிருந்து எடுக்கப்பட்ட மாற்று நெகட்டிவே அடிப்படையாயிற்று. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் முன்னெடுத்த அப்பணியில் சென்னைப் பிரசாத் நிறுவனமும் இத்தாலியின் பொலோஞா நகர ஆய்வகமும் பங்கேற்றன. 2022இல் கான் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில் அப்படம் திரையிடப்பட்டது. எந்தப் பிரதியிலிருந்து மீட்கப்பட்டது என்பதை மீட்டவர்களே வெளிப்படையாக அறிவித்தமை இங்கு முதன்மையானது.

தமிழில் பி.ஆர். பந்துலுவின் கர்ணன் (1964) 2012 மார்ச்சில் எண்ணிம முறையில் புதுப்பிக்கப்பட்டு வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. பழைய படங்களுக்குத் திரையரங்கு மதிப்பு உண்டு என்பதை அது உணர்த்தியது. அதனைத் தொடர்ந்து பல படங்கள் மறுவெளியீடு கண்டன. ஆனால் இவ்வலையில் பழைய படங்களை அகன்ற சினிமாஸ்கோப் அளவுக்கு மாற்றும் வழக்கமும் பரவியது. 1.37 விகிதப் படத்தை 2.35 விகிதத்துக்கு வெட்டினால் உயரத்தில் நூற்றுக்கு 40க்கு மேற்பட்ட பகுதி மறையும். முந்தைய பகுதியில் கண்ட சட்டகச் சிக்கல் தொலைக்காட்சிக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் பெறப்படும்.

நடுவண் அரசின் தேசியத் திரைப்பட மரபுரிமை இயக்கம் திரைப்படங்களைக் காக்கும் நோக்குடையது. நூல்களுக்கு 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் உண்டு. வெளியாகும் நூலின் படி ஒன்று சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் வர வேண்டும். இச்சட்டம் ஒளிபரப்புகளைத் தொடுவதில்லை. ஒரு சிற்றூர் அச்சகத்தின் துண்டு நூலுக்குக் கிடைக்கும் காப்பு, பல லட்சம் பேர் கண்ட தொடருக்குக் கிடைப்பதில்லை.

7. பதிப்பியல் தரும் பாடம்

தமிழ் ஆய்வுலகுக்கு இச்சிக்கல் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்களை மாற்றியபோது எதிர்கொண்ட கேள்விகளே இங்கும் எழுகின்றன. எந்தப் படி மூலத்துக்கு நெருங்கியது? படிகள் வேறுபடும் இடத்தில் எதனைக் கொள்வது? சிதைந்த இடத்தை நிரப்பலாமா?

1894இல் வெளியான புறநானூற்றுப் பதிப்பு இதற்குத் தந்த விடை நினைவுகூரத்தக்கது. அந்நூலின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்களைப் பதிப்பு மறைக்கவில்லை. அடுத்த பாடல்களை முன்னிழுத்து இடைவெளியை மூடவும் இல்லை. சிதைந்த அடிகள் புள்ளியிட்டே காட்டப்பட்டன. படிப்பவர் எது சுவடி, எது இழப்பு என்பதை அறிய முடிந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர் அப்பதிப்பை நம்பி வருவதற்கு அந்த வெற்றிடங்களும் ஒரு காரணம்.

உயர்தெளிவு மாற்றத்திலும் இந்நெறியே வேண்டப்படுகிறது. நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் நாடாவிலிருந்து பெருக்கப்பட்ட நொடிகள், சுற்றியுள்ள காட்சிகளிலிருந்து வேறுபட்டுத் தெரிவதாலேயே தம்மை அறிவித்துக்கொள்கின்றன. செயற்கை நுண்ணறிவு வழி உருப்பெருக்கம் அவ்வேறுபாட்டை அழிக்க வல்லது. வேறு பல்லாயிரம் முகங்களிலிருந்து கற்ற மென்பொருள், மங்கிய முகத்தின்மேல் தெளிவான தோலையும் கண்ணிமையையும் வரைகிறது. அது பார்வைக்கு இனியது, ஆனால் சான்றாகாது. சுவடியில் அழிந்த அடியைப் பதிப்பாசிரியர் தாமே எழுதி அடையாளமின்றிச் சேர்ப்பதற்கு இது நிகராகும்.

8. கல்லங்குறிச்சி: ஒரு களக்குறிப்பு

இவ்வேறுபாடு நடைமுறையில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்கு இக்கட்டுரையாளரின் குடும்பத்திலிருந்தே ஒரு சான்று தர இயலும். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட ஊர். அக்கோயிலில் 1990களின் நடுவில் நடந்த எம் பெற்றோரின் திருமணம் வி.எச்.எஸ். நாடாவில் பதிவாகியுள்ளது. சில ஆண்டுகளுக்குப் பின் மறைந்த எம் அப்பாயி அசைந்தும் பேசியும் தோன்றும் ஒரே பதிவு அது.

அந்நாடா அண்மையில் ஒரு கடையில் எண்ணிமப்படுத்தப்பட்டு, மென்பொருள் வழி எச்.டி. ஆக்கப்பட்டுத் திரும்பி வந்தது. கோயில் தூண்களும் பந்தலும் வியக்கத்தக்க தெளிவுடன் இருந்தன. அப்பாயியின் முகத்தில் சுருக்கங்கள் குறைந்திருந்தன; மூக்குத்தி இல்லை. பழைய நாடாவைச் சாதாரணப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தபோது, அவர் தலையைத் திருப்பும் இடத்தில் ஒரு வெண்புள்ளி மின்னி மறைவது தெரிந்தது. ஒரிரு சட்டகங்களில் மட்டும் தோன்றும் வெண்புள்ளியைத் தூசி எனக் கொண்டு நீக்குவது இத்தகைய மென்பொருள்களின் பொது இயல்பு. அப்பாயியை நேரில் கண்டவர்கள், புதிய படத்தைக் கண்டதும் இது அவரைப்போல் இல்லை என்றனர். காரணம் சொல்ல அவர்களுக்கு இயலவில்லை. அவரைக் காணாத இளையோர் படம் நன்றாக இருப்பதாகக் கூறினர்.

இச்சிறு நிகழ்வு ஒரு பெரிய இடரைச் சுட்டுகிறது. நேரில் கண்டவர்கள் உள்ளவரை ஊகத்தைத் திருத்த ஆள் உண்டு. அவர்களுக்குப் பின் ஊகமே மூலமாகிவிடும். நல்வாய்ப்பாக அந்த நாடா வீசப்படவில்லை. மாற்றம் முடிந்தது என்று கருதி நாடாவை எறிந்துவிடும் வீடுகளும் உள்ளன.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

முதலாவது, பழைய தொடரின் உயர்தெளிவு மாற்றம் மறுவாசிப்பு, உருப்பெருக்கம் என்னும் இருவகைப்படும். படச்சுருள் எஞ்சியுள்ள இடத்தில் மட்டுமே முன்னையது இயலும். இரண்டையும் ஒரே பெயரால் குறிப்பது ஆய்வுக்குத் தடையாகும்.

இரண்டாவது, படச்சுருள் எஞ்சியிருப்பினும் ஒளிபரப்பான நாடா தேவையற்றதாகிவிடாது. சட்டகம், வண்ணம், வெட்டு ஆகியவற்றில் ஆக்கியோரின் முடிவு நாடாவில்தான் உள்ளது. சுருளையும் நாடாவையும் ஒருசேரக் காக்க வேண்டும்.

மூன்றாவது, தமிழ்த் தொலைக்காட்சி மரபின் பெரும்பகுதி நாடாவில் மட்டுமே உள்ளது. காந்த நாடாக்களையும் அவற்றை இயக்கும் கருவிகளையும் நெடுங்காலம் நம்ப இயலாது என்று யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளி ஆவணக்காப்பக அமைப்பும் இணைந்து எச்சரித்தன. 2025ஆம் ஆண்டளவில் அவற்றைப் படிப்பது மிகக் கடினமாகிவிடும் என்று அவை மதிப்பிட்டன. அந்த ஆண்டு வந்துவிட்டது. பழுதுபட்ட நாடாக் கருவிக்கு உதிரிப்பாகம் கிடைக்காத நிலையில், பெருக்குவதைப் பற்றிய விவாதம் இரண்டாம் இடத்துக்குச் செல்ல வேண்டும். 576 கோடுகளை 576 கோடுகளாகவே, மெருகின்றி, முழுமையாக எண்ணிமப்படுத்திக் காப்பதே உடனடிப் பணி. பெருக்கும் மென்பொருள் நாளை இன்னும் மேம்படும். உதிர்ந்த நாடா திரும்பாது.

நான்காவது, மாற்றப்பட்ட ஒவ்வொரு படைப்புடனும் பதிப்புரைக்கு ஒப்பான ஒரு குறிப்பு இணைக்கப்பட வேண்டும். எந்தப் பிரதி மூலம், எந்த விகிதம், எவை நீக்கப்பட்டன, எவை ஊகிக்கப்பட்டன என்பன அதில் இடம்பெற வேண்டும். நூல் வழங்கல் சட்டத்தை ஒத்த ஓர் ஏற்பாடு ஒளிபரப்புகளுக்கும் தேவை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் தம் வட்டாரத்தில் எஞ்சியுள்ள நாடாக்களைப் பட்டியலிடும் பணியைத் தொடங்கலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் திருமணப் படம் எடுத்தோர், உள்ளூர்க் கேபிள் ஒளிபரப்பு நடத்தியோர் ஆகியோரிடம் உள்ள நாடாக்கள் எந்த ஆவணக்காப்பகத்தின் கணக்கிலும் வாரா.

சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த தலைமுறைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: ஓலை மெதுவாகவே அழியும். நாடாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. எம் வீட்டு நாடா இப்போது ஈரம் புகாத பெட்டியொன்றில் உள்ளது. மெருகேற்றாத எண்ணிமப் படி ஒன்றும் தனியே எடுத்து வைக்கப்பட்டுள்ளது. அதில் படம் மங்கல்தான், மூக்குத்தி இருக்கிறது.